மாலை ஐந்து மணிக் கணக்கு

கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவுக்கும் அதன் புறநகர்களுக்கும் மின்சாரம் வழங்கும் அமைப்பு தனியார் நிறுவனமும் அல்ல, மாநில அரசின் துறையும் அல்ல. சாக்ரமென்டோ நகராட்சிப் பயன்பாட்டு மாவட்டம் என்ற பெயரில், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்மட்’ என்று எல்லோராலும் அழைக்கப்படும் அந்த அமைப்பை, வட்டாரத்துக்கு ஒருவராக வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் ஏழு இயக்குநர்கள் நடத்துகிறார்கள். 1923 ஜூலை 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் மக்கள் இதை உருவாக்கினார்கள் என்றாலும், அதுவரை அப்பகுதியில் மின்சாரம் விற்றுவந்த தனியார் நிறுவனத்தோடு நீண்டகாலம் வழக்காடிய பிறகு, 1946 டிசம்பர் 31 அன்றுதான் முதல் விளக்கை இவ்வமைப்பால் எரிய வைக்க முடிந்தது. இன்று ஏறத்தாழ 15 லட்சம் மக்கள் இதன் இணைப்புகளை நம்பி வாழ்கிறார்கள்.

2021 ஏப்ரலில் இந்த ஏழு பேர் குழு ஏற்றுக்கொண்ட திட்டம், 2030-க்குள் தன் மின்வழங்கலிலிருந்து கார்பன் உமிழ்வை முழுமையாக நீக்கிவிடுவது என்பதாகும். கலிஃபோர்னியா மாநிலம் 2018-இல் இயற்றிய சட்டம் இதே போன்ற இலக்குக்கு 2045 வரை காலக்கெடு கொடுத்திருந்தது. ஸ்மட் தானாகவே 15 ஆண்டுகளைக் குறைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய திட்டத்தில் 2040-க்குள் ‘நிகர சுழியம்’ என்று இருந்தது. நிகர சுழியம் என்றால் ஓரிடத்தில் புகையை விட்டுவிட்டு, வேறிடத்தில் காடு வளர்த்தோ உமிழ்வுக் குறைப்புச் சான்றிதழ் வாங்கியோ அதை ஈடுகட்டிக் கணக்கைச் சமன் செய்துகொள்வது. புதிய திட்டம் கேட்பது அந்த ஈடுகட்டலை அல்ல, புகையே இல்லாத மின்சாரத்தை. மின்துறையில் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது. அந்தத் தூரத்தை மின்சாரத்தின் அளவைக்கொண்டு அளக்க முற்பட்டால் விடை தவறும். அது எந்த நேரத்தில் தேவைப்படுகிறது என்பதைக்கொண்டே அளக்க வேண்டும்.

இதற்கு இரண்டு அளவைகளைப் பிரித்தறிவது அவசியம். மின்கட்டண அட்டையில் ‘யூனிட்’ என்று எழுதப்படுவது ஒரு கிலோவாட்-மணி, அதாவது ஆயிரம் வாட் திறன்கொண்ட ஒரு கருவி ஒரு மணிநேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல். மெகாவாட் என்பதோ பத்து லட்சம் வாட். அது ஒரு கணத்தில் எவ்வளவு வேகமாக மின்சாரம் பாய்கிறது என்பதைச் சொல்லும். குழாயில் நீர் விழும் வேகத்துக்கும் குடத்தில் சேர்ந்த நீரின் அளவுக்கும் உள்ள வேறுபாடே இது. ஆண்டு முடிவில் குடங்களை எண்ணி, விற்ற யூனிட்டும் தூய வழியில் உற்பத்தியான யூனிட்டும் சமமாயின என்று ஒரு நிறுவனம் அறிவித்துவிடலாம். ஆனால் மின்தொகுப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் நுகர்வும் ஒத்துப்போயாக வேண்டும் என்பதால், ஏப்ரல் மாத நண்பகலில் மிகுந்துபோன சூரிய மின்சாரம் செப்டம்பர் மாத மாலைக்கு எந்த உதவியும் செய்யாது.

சாக்ரமென்டோவின் கோடை மாலை கடினமானது. மத்தியப் பள்ளத்தாக்கின் வறண்ட வெயிலில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே வழக்கம்; 2022 செப்டம்பர் 6 அன்று நகரின் மையப்பகுதியில் 116 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 47 டிகிரி செல்சியஸ் பதிவாகி, அதுவரையிலான எல்லாப் பதிவுகளையும் முறியடித்தது. சுவர்களும் கூரைகளும் நாள் முழுதும் குடித்த வெப்பத்தை வெளிவிடத் தொடங்கும் பிற்பகலில்தான் மக்கள் வேலையிலிருந்து வீடு திரும்புகிறார்கள். எல்லா வீடுகளிலும் ஏசி ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குகிறது. ஸ்மட் சந்தித்த மிக உயர்ந்த மின்தேவைகளுள் ஒன்று 2006 ஜூலை 24 அன்று பதிவான சுமார் 3,300 மெகாவாட். மிதமான பருவத்தில் தேவை இதில் பாதியைக்கூட எட்டாத நாள்கள் ஏராளம். ஆண்டில் சில டஜன் மணிநேரங்களுக்காகவே பெருமளவு இயந்திரங்களை வாங்கி வைத்துக் காத்திருக்க வேண்டிய ஊர் இது.

இந்தச் சிக்கலுக்கு 1970-களில் கிடைத்த விடை அணுமின்சாரம். நகருக்குத் தென்கிழக்கே புல்வெளிகளுக்கு நடுவே ரான்சோ சேகோ என்ற இடத்தில் 913 மெகாவாட் திறன்கொண்ட அணு உலை 1975-இல் வணிகரீதியாக இயங்கத் தொடங்கியது; அதன் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்களும் 425 அடி உயரம் கொண்டவை. அதன் வரலாற்றில் நிலையாக இடம்பெற்ற ஒரு நாள் 1978 மார்ச் 20. கட்டுப்பாட்டு அறையின் பலகையில் எரியாமல் போன ஒரு சின்ன விளக்கை மாற்றிக்கொண்டிருந்தபோது அது பணியாளர் கையிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது. ஏற்பட்ட குறுக்குச்சுற்றால் பல அளவுமானிகளுக்குப் போகும் மின்வழங்கல் அறுபட்டு, அவை பொய்யான அளவுகளைக் காட்டத் தொடங்கின. அந்த அளவுகளை உண்மை என்று கொண்ட தானியங்கி அமைப்பு உலையின் குளிர்நீர் ஓட்டத்தைக் குழப்ப, ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் உலையின் நீர் சுமார் 300 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்குக் குளிர்ந்துபோனது. அணு உலை சூடேறினால் ஆபத்து என்பது பலருக்கும் தெரியும். அது விரைந்து குளிர்வதும் ஆபத்துதான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உயர் அழுத்தத்தில் இருக்கும் தடித்த எஃகுக் கலம் திடீரெனக் குளிரும்போது அதன் உட்புறம் சுருங்க முயல, வெளிப்புறம் இன்னும் சூடாக நின்று இழுக்க, எங்காவது நுண்ணிய விரிசல் இருந்தால் அது பிளவாக வளரக்கூடும். கலம் தப்பித்தது. ஓராண்டு கழித்து விபத்துக்குள்ளான திரீ மைல் ஐலண்டு உலையும் இதே நிறுவனம் வடிவமைத்த இதே வகையைச் சேர்ந்தது. 1985 டிசம்பர் 26 அன்று ரான்சோ சேகோவில் இன்னொரு மிகைக்குளிர்ச்சி நிகழ, உலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்தது.

அணு உலை எதிர்ப்பு என்றால் கதிர்வீச்சு அச்சம் மட்டுமே காரணம் என்று கருதிவிடுவது எளிது. சாக்ரமென்டோவில் மின்கட்டணமும் சம அளவுக்குப் பேசியது. ஆண்டுகள் கணக்கில் அரைகுறையாக ஓடிய உலை, தன் ஆயுள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், முழுத்திறனில் ஓடியிருந்தால் தந்திருக்க வேண்டியதில் ஏறத்தாழ 40 சதவீத மின்சாரத்தையே தந்தது. பழுது பார்க்கும் செலவு நுகர்வோரின் மாதக் கட்டணத்தில் ஏறியது. 1989 ஜூன் 6 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 53 சதவீதத்தினர் உலையை இயக்கக்கூடாது என்றார்கள். மறுநாளே அது நிறுத்தப்பட்டது. இயங்கிக்கொண்டிருந்த ஓர் அணுமின் நிலையத்தைப் பொதுமக்கள் வாக்குச்சீட்டால் மூடியது அதுவே முதல் முறை. முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்லும் நிறுவனத்தில் இப்படி ஒரு கேள்வியை வாக்காளர்முன் வைப்பதற்கே வழியில்லை.

தன் மின்சாரத்தின் பெரிய பங்கு ஒன்றை ஓர் இரவில் இழந்த அமைப்புக்கு 1990-இல் பொது மேலாளராக வந்தவர் எஸ். டேவிட் ஃப்ரீமன். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் தலைவராக இருந்து அங்கே கட்டப்பட்டுக்கொண்டிருந்த பல அணு உலைகளைக் கைவிடச் செய்தவர். கௌபாய் தொப்பியோடு அலுவலகம் வருவார். சேமிக்கப்படும் மின்சாரமும் ஒரு மின் நிலையம்தான் என்பது அவருடைய வாதம். பழைய குளிர்பதனப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டுச் சிக்கனமானவற்றை வாங்குவோருக்கு மானியம் வழங்கினார். சாக்ரமென்டோ மர அறக்கட்டளையோடு சேர்ந்து வீடுதோறும் இலவசமாக மரக்கன்று தரும் திட்டம் அவர் காலத்தில்தான் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை நடப்பட்ட மரங்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

மரம் நடுவது அழகுக்காக மின்வாரியம் செய்யும் தருமம் என்று எண்ணத் தோன்றும். இது கோணங்களின் கணக்கு. சாக்ரமென்டோ 38.6 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஜூன் மாத நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட 75 பாகை உயரத்தில், தலைக்குமேல் நிற்கிறது. அப்போது கூரைதான் சுடுமே தவிர சுவர்களில் வெயில் சாய்வாக மட்டுமே படும். பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகோ கதிர்கள் தாழ்ந்து மேற்கு ஜன்னல்கள் வழியே நேராக அறைக்குள் புகுகின்றன, அதுவும் மின்தேவை உச்சத்தை நெருங்கும் அதே நேரத்தில். எனவே வீட்டுக்கு மேற்கே நிற்கும் ஒரு மரம் வேறெந்தத் திசையில் நிற்கும் மரத்தையும்விட மதிப்புள்ளது. சாக்ரமென்டோவின் 460 வீடுகளின் மின்கட்டணப் பதிவுகளையும் அவற்றைச் சுற்றிய மரங்களின் இடத்தையும் ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த டானவன், பட்ரி ஆகியோரின் ஆய்வு, மேற்கிலும் தெற்கிலும் நின்ற மரங்கள் கோடைகால மின்நுகர்வைச் சுமார் 5 சதவீதம் குறைத்தன என்றும், வடக்குப்பக்கம் வீட்டை ஒட்டி நின்ற மரங்கள் நுகர்வைச் சிறிதளவு கூட்டியே காட்டின என்றும் கண்டது. கன்று தரும்போதே அதை எங்கே நட வேண்டும் என்று ஆலோசகர் இடம் குறித்துக் கொடுக்கும் வழக்கத்துக்கு அறிவியல் காரணம் இருக்கிறது.

சூரிய மின்சாரத்திலும் ஸ்மட் முன்கூட்டியே இறங்கியது. 1984-இலேயே ரான்சோ சேகோ உலையின் நிழலில் ஒரு மெகாவாட் சூரியப் பூங்காவை நிறுவியது; அன்றைக்கு ஒரு மின்வாரியம் அந்த அளவில் சூரியத்தகடு நிறுவுவது உலகிலேயே அபூர்வம். 1993-இல் தொடங்கிய ‘சூரிய முன்னோடிகள்’ திட்டம் விநோதமானது. வீட்டுக்காரர் தம் கூரையை மட்டும் கொடுப்பார், தகடும் அதிலிருந்து வரும் மின்சாரமும் ஸ்மட்டுக்கே சொந்தம். அதற்குமேல் அவர் மாதம் சுமார் 4 டாலர் கூடுதல் கட்டணமும் கட்டுவார். கூரையையும் தந்து காசையும் தர ஆள் வருமா என்ற கேள்விக்கு, ஆண்டுதோறும் வந்த விண்ணப்பங்கள் பொருத்த முடிந்த எண்ணிக்கையைவிட அதிகமாகவே இருந்தன என்பது பதில்.

ஆனால் இந்தக் கதையின் இன்னொரு பாதியைச் சொல்லாமல் விட்டால் அது விளம்பரமாகிவிடும். மரங்களும் கூரைத்தகடுகளும் 913 மெகாவாட்டை நிரப்பவில்லை. நிரப்பியது பெரும்பாலும் இயற்கை எரிவாயு. 1990-களில் ஒரு சூப் தொழிற்சாலைக்கும் ஒரு சோப்புப் பொருள் தொழிற்சாலைக்கும் அருகே ஸ்மட் கட்டிய எரிவாயு நிலையங்கள் மின்சாரத்தோடு நீராவியையும் அந்த ஆலைகளுக்கு விற்றன. இம்முறைக்குக் கூட்டு உற்பத்தி என்று பெயர், வீணாகப் போகும் வெப்பம் காசாகிறது என்பதால் சிக்கனமானது. 2006-இல் ரான்சோ சேகோவின் கோபுரங்களுக்கு அருகிலேயே கொசும்னஸ் எரிவாயு மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. எரிவாயுவை எரித்து ஒரு சுழலியைச் சுற்றி, அதிலிருந்து வெளியேறும் சூட்டில் நீராவி உண்டாக்கி இரண்டாவது சுழலியையும் சுற்றும் இந்த வகைக்குக் கூட்டுச் சுழற்சி நிலையம் என்று பெயர்; நிலக்கரியோடு ஒப்பிட்டால் யூனிட்டுக்கு ஏறத்தாழ பாதி கார்பன்தான் வெளியிடும், ஆனாலும் பாதி என்பது சுழியம் அல்ல. 1989-இல் கார்பன் பற்றிய கவலை இன்றைய அளவுக்கு இருந்திருக்கவில்லை. இன்றைய கண்ணால் பார்த்தால், கார்பனற்ற மூலம் ஒன்றை மூடிவிட்டு அதே நிலத்தில் கார்பனுள்ள மூலத்தைக் கட்டியது போலத்தான் தெரியும். இருந்தாலும் அந்த உலை அதன் வரலாற்றின்படியே தொடர்ந்து ஓடியிருந்தால் எவ்வளவு தந்திருக்கும் என்று கேட்பதே நேர்மையான ஒப்பீடு.

அந்த ஒப்பீட்டுக்கான எண்கள் அதே வளாகத்தில் இருக்கின்றன. உலையைச் சுற்றி வெறுமையாகக் கிடந்த நிலத்தில் 2021-இல் 160 மெகாவாட் சூரியப் பண்ணை ஒன்று முழு உற்பத்திக்கு வந்தது. சூரியனைப் பின்தொடர்ந்து சாயும் தகடுகள் இந்தப் பகுதியில் ஆண்டு முழுதும் சராசரியாகத் தம் திறனில் கால்பங்குக்குச் சற்று மேல் தருகின்றன என்று கொண்டால், 160 மெகாவாட்டின் சராசரி 40 மெகாவாட்டுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். உலை தன் 40 சதவீதச் சராசரியில் தந்தது சுமார் 365 மெகாவாட். அதை ஈடுகட்ட இத்தகைய பண்ணைகள் ஏறத்தாழ ஒன்பது வேண்டும். நன்றாக நடத்தப்படும் உலைகள் எட்டும் 90 சதவீதத்தை அது எட்டியிருந்தால் இருபது பண்ணைகள் வேண்டியிருக்கும். இன்று உலை இல்லை. அதன் 493 எரிபொருள் தொகுதிகள் மட்டும், கொண்டுசெல்ல வேறிடம் இல்லாத காரணத்தால், கான்கிரீட் பெட்டகங்களில் அங்கேயே காவலோடு வைக்கப்பட்டுள்ளன.

இயற்கை ஸ்மட்டுக்குக் கொடுத்திருக்கும் பெரிய சொத்து நீர். சியரா நெவாடா மலையின் மேற்குச் சரிவில் 11 நீர்த்தேக்கங்களும் 8 மின் நிலையங்களுமாக 1950-களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட மேல் அமெரிக்க ஆற்றுத் திட்டம் 688 மெகாவாட் திறன்கொண்டது. பனி உருகி வரும் நீரைத் தேக்கிவைத்து, தேவை ஏறும் மாலையில் திறந்துவிடலாம் என்பதே அதன் தனிச்சிறப்பு. சூரியனைப் போல அது கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆனால் அது பனிக்குக் கட்டுப்பட்டது. வறட்சி ஆண்டுகளில் உற்பத்தி பாதியாகச் சரிந்து, அந்த இடத்தை எரிவாயு பிடித்துக்கொள்கிறது. 2014-இல் அந்தக் காடுகளில் பரவிய கிங் தீ மின்கம்பிகளையும் விட்டுவைக்கவில்லை. ஓராண்டின் உமிழ்வு குறைந்ததா கூடியதா என்பதற்கு நிர்வாகத் திறமையைவிட அந்த ஆண்டின் பனிப்பொழிவே காரணமாக இருக்கக்கூடும் என்பதை முன்னேற்ற அறிக்கைகளைப் படிக்கும்போது மறக்கக்கூடாது. கலிஃபோர்னியாவின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் விதிகளில் பெரிய அணைகளின் மின்சாரம் கணக்கில் சேராது, கார்பனற்ற மின்சாரம் என்ற கணக்கிலோ சேரும். ஒரே அமைப்பைப் பற்றி இரண்டு வேறு சதவீதங்கள் புழங்குவதற்கு இதுவே காரணம்.

அதே மலையில் அயோவா ஹில் என்ற இடத்தில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் ஒன்றை ஸ்மட் நெடுங்காலம் திட்டமிட்டது. மின்சாரம் மிகும்போது கீழ்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, பற்றாக்குறையின்போது கீழே விட்டுச் சுழலியைச் சுற்றுவது இதன் முறை. காலத்தால் சோதிக்கப்பட்ட மிகப் பெரிய மின்சேமிப்பு வழி இதுதான். செலவு மதிப்பீடு 145 கோடி டாலரை எட்டியதும், 2016-இல் திட்டம் கைவிடப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் சேமிப்புக் கிடங்குகளுக்காக அலைய வேண்டிய இலக்கை இதே குழு அறிவித்தது என்பதைப் பார்க்கும்போது அம்முடிவு அவசரம் என்று தோன்றலாம். ஆனால் பேட்டரிகளின் விலை அந்த இடைவெளியில் சரிந்த வேகத்தையும் கணக்கில் எடுத்தால் வழக்கு இரு பக்கமும் சமமாகவே நிற்கிறது.

காற்றின் கதை இதைவிட நுட்பமானது. பகலில் மத்தியப் பள்ளத்தாக்கு கொதிக்கும்போது சூடான காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்ப சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் குளிர்ந்த கடற்காற்று கார்க்கினெஸ் நீரிணையின் குறுகிய இடைவெளி வழியாக உள்ளே பாய்கிறது. ஊர்க்காரர்கள் டெல்டா காற்று என்று சொல்லும் இதுவே மாலையில் நகரைக் குளிர்விப்பது. வழியில் இருக்கும் மான்டெசுமா குன்றுகளில் 1994 முதல் ஸ்மட் நிறுவிவரும் சொலானோ காற்றாலைகளைச் சுற்றுவதும் இதுவே. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயரும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும், பாதியானால் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். எனவே பழைய சிறிய காற்றாலைகளை அகற்றிவிட்டு, வேகம் அதிகமுள்ள உயரத்தை எட்டும் 19 பெரிய காற்றாலைகளை நிறுவி 2024-இல் முடிக்கப்பட்ட மாற்றத்தால் பண்ணையின் மொத்தத் திறன் 300 மெகாவாட்டை ஒட்டி வந்தது. வெப்பமே காற்றை அழைத்துவருவதால், பகலெல்லாம் சூரியனும் மாலையில் காற்றும் என்று இயற்கையே முறைவைத்துக்கொண்டது போலத் தெரியும். ஆனால் மிகக் கொடிய வெப்ப அலை நாள்களில் உயரழுத்தம் அந்தப் பகுதி முழுவதையும் மூடி நிற்க, டெல்டா காற்று வராமலேயே போய்விடுகிறது. மின்சாரம் மிக அதிகமாகத் தேவைப்படும் நாள்தான் காற்றாலை நின்றுபோகக்கூடிய நாளும். சராசரிகள் மறைக்கும் உண்மை இதுதான்.

இந்த மாலை மணிகளை நோக்கி ஸ்மட் எடுத்த நடவடிக்கைகளுள் மிகவும் பயன் தந்தது இயந்திரம் அல்ல, கட்டண அட்டவணை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்திவிட்டு, 2012, 2013 கோடைகளில் வெவ்வேறு கட்டண முறைகளைச் சோதித்தது. விரும்பினால் சேரலாம் என்று அழைத்தபோது ஐந்து பேரில் ஒருவருக்கும் குறைவானோரே சேர்ந்தார்கள். சேர்த்துவிட்டு, விரும்பாவிட்டால் விலகலாம் என்றபோது விலகியவர்கள் மிகச் சிலர். இரண்டாவது வகையினரில் தனி ஒருவர் குறைத்த மின்சாரம் சற்றுக் குறைவு, ஆனால் ஆள்பெருக்கத்தால் மொத்தக் குறைப்பு பெரிது. இந்தச் சோதனையின் பாடத்தோடு 2019-இல் வீட்டு நுகர்வோர் பெரும்பாலோருக்கும் நேரவாரிக் கட்டணம் வந்தது. வார நாள்களில் மாலை 5 முதல் 8 மணி வரை உச்ச நேரம், கோடையில் அப்போது ஒரு யூனிட்டின் விலை இரவு விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நான்கு மணிக்கே வீட்டை நன்றாகக் குளிரவைத்துவிட்டு ஐந்து மணிக்கு ஏசியின் அளவை உயர்த்திவைப்பதும், துணி துவைப்பதை இரவுக்குத் தள்ளுவதும் பல வீடுகளில் பழக்கமாயின.

கூரைத்தகடு வைத்திருப்போர்மீது வந்த மாற்றம் இவ்வளவு அமைதியாகக் கடக்கவில்லை. அதுவரை அவர்கள் மின்தொகுப்புக்குத் தரும் யூனிட் முழுச் சில்லறை விலையிலேயே கணக்கிடப்பட்டது. 2022 மார்ச் முதல் புதிதாகத் தகடு பொருத்துவோர் தரும் யூனிட்டுக்கு 7.4 சென்ட் மட்டுமே என்று குழு நிர்ணயித்தது, அதோடு வீட்டுப் பேட்டரிக்கு ஊக்கத்தொகையும் சேர்த்தது. சூரிய நிறுவனங்கள் இதைத் தூய ஆற்றலுக்குத் துரோகம் என்றன. இயற்பியலின் பக்கம் நின்று பார்த்தால், எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் தரும் நண்பகல் யூனிட்டும் யாரிடமும் இல்லாத மாலை யூனிட்டும் ஒன்றல்ல என்ற குழுவின் வாதம் சரியே. ஆனால் கூரைத்தகட்டால் மிச்சமாகும் நிலத்துக்கு அந்த 7.4 சென்ட்டில் விலை போடப்படவில்லை. அதே கவுண்டியில் ஒரு பெரிய சூரியப் பண்ணைக்காக ஆயிரக்கணக்கான ஓக் மரங்களை வெட்ட வேண்டிவரும் என்று பின்னர் எதிர்ப்பு எழுந்தபோது, நிலத்துக்கும் விலை உண்டு என்பது வெளிப்பட்டது.

2021 திட்டம் சுமார் 1,100 முதல் 1,500 மெகாவாட் வரை பெரிய சூரியப் பண்ணைகளையும், 700 முதல் 1,100 மெகாவாட் வரை பேட்டரிகளையும் கேட்கிறது. இன்று பரவலாக வாங்கக்கூடிய லித்தியம் பேட்டரி நிலையங்கள் பெரும்பாலும் நான்கு மணிநேரம் முழுத்திறனில் தரக்கூடியவை. ஐந்திலிருந்து எட்டு மணி வரையிலான மாலைக்கு அவை கச்சிதம். சேமிப்பு நீளவேண்டுமானால் வேறு வகை தேவை. 2022-இல் இரும்புப் பாய்வு பேட்டரிகளை 200 மெகாவாட் அளவு வரை வாங்கும் ஒப்பந்தத்தில் ஸ்மட் கையெழுத்திட்டது. இரும்பு உப்புக் கரைசல் தொட்டிகளிலிருந்து மின்கல அறைக்குள் ஓடி, ஏற்றத்தின்போது இரும்பு உலோகமாகப் படிந்து, இறக்கத்தின்போது மீண்டும் கரையும் அமைப்பு இது. தொட்டியைப் பெரிதாக்கினால் நேரம் நீளும், தீப்பற்றும் அச்சமும் இல்லை. ஆனால் ‘வரை’ என்ற சொல் உள்ள ஒப்பந்தம் மின்சாரம் ஆகிவிடாது, இந்தத் தொழில்நுட்பம் லித்தியத்தைப்போல் பெருமளவில் சோதிக்கப்பட்டதும் அல்ல.

இனி வரப்போகும் சிக்கல் கோடையில் இல்லை, குளிர்காலத்தில் இருக்கிறது. அதை வரவழைப்பதும் ஸ்மட்டின் வெற்றியே. 2020-இல் அது எரிசக்திச் சிக்கனத்தை யூனிட்டில் அளப்பதை விட்டு, தவிர்க்கப்பட்ட கார்பனில் அளக்கத் தொடங்கியது. வீட்டின் எரிவாயு வெப்பமூட்டியை அகற்றி ஹீட் பம்ப் பொருத்தினால் மின்நுகர்வு கூடும், பழைய அளவையில் அது தோல்வி. ஆனால் ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்காமல் வெளிக்காற்றில் உள்ளதை உள்ளே இழுத்து வருவதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட்டளவு வெப்பம் தரும், மொத்த உமிழ்வு குறையும். புதிய அளவையில் அது வெற்றி. இப்படி வீடுகள் மாற மாற, இதுவரை எரிவாயுக் குழாய்கள் சுமந்த குளிர்கால வெப்பச்சுமை மின்கம்பிகளுக்கு வருகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மத்தியப் பள்ளத்தாக்கில் தூலே மூடுபனி தரையோடு படிந்து பல நாள் கலையாமல் நிற்கும். அப்போது சூரியத்தகடுகள் சோர்ந்துவிடும், காற்றும் அசையாது. நான்கு மணிநேர பேட்டரி நான்கு நாள் மூடுபனிக்கு விடையாகாது. இரவுபகல் பாராமல் ஓடும் புவிவெப்ப மின்சாரத்தைத் திட்டம் நாடுவதன் காரணம் இங்கே புரியும். பழைமையான புவிவெப்ப வயல்களுள் ஒன்றான தி கீசர்ஸ் சாக்ரமென்டோவுக்கு மேற்கே மலைத்தொடரில்தான் உள்ளது. ஆனால் திட்டம் அதிலிருந்து எதிர்பார்ப்பது சில நூறு மெகாவாட்டுக்குள்தான்.

திட்டமே ஒப்புக்கொள்ளும் கணக்கு இது: ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தெரிந்த தொழில்நுட்பங்களாலேயே எட்டிவிடலாம், மீதி 10 சதவீதத்துக்கு இன்னும் முதிராத தொழில்நுட்பங்கள் வேண்டும். சிறிய எரிவாயு நிலையங்கள் இரண்டை மூடுவது, வேறு இரண்டை உச்ச நேரத்துக்கு மட்டும் ஓடும்படி மாற்றுவது, 600 மெகாவாட் அளவுள்ள கொசும்னஸை உயிரி எரிபொருளுக்கு மாற்றுவது என்பவை அதில் சொல்லப்பட்ட வழிகள். கட்டண உயர்வு பணவீக்கத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பையும் குழு தனக்குத்தானே விதித்துக்கொண்டது. உயிரி எரிபொருள் போதுமான அளவுக்கும் கட்டுப்படியாகும் விலைக்கும் கிடைக்குமா என்பதே இந்த வழிகளில் பலவீனமான கண்ணி. பால் பண்ணைச் சாணத்திலிருந்தும் குப்பைமேடுகளிலிருந்தும் கிடைக்கும் வாயுவுக்கு கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே லாரி, பேருந்து நிறுவனங்கள் போட்டியிடுகின்றன.

ஒரு நிலையம் ஆண்டில் சில நூறு மணிநேரம் மட்டுமே ஓடினாலும் அதன் சுழலிகளைப் பராமரிக்கவும் பணியாளர்களை வைத்துக்கொள்ளவும் ஆகும் செலவு பெரிதாகக் குறைவதில்லை. ஓடும் மணி குறையக் குறைய யூனிட்டுக்கான விலையே ஏறும். இந்தச் செலவை யூனிட் விலையில் ஏற்றினால், மின்சாரத்துக்கு மாறுங்கள் என்று மானியம் கொடுத்து அழைத்த வீடுகளே தண்டிக்கப்படும். மாதாந்தர நிலைக்கட்டணத்தில் ஏற்றினால், ஏற்கெனவே 20 டாலருக்கு மேல் இருக்கும் அந்தக் கட்டணம் இன்னும் கூடி, மிகக் குறைவாக மின்சாரம் செலவழிக்கும் சிறிய அடுக்குமாடி வீடுகளின் ரசீதில்தான் மிகப் பெரிய விகிதத்தில் தெரியும். கட்டணத்தை நிர்ணயிக்க மாநில ஆணையம் எதுவும் ஸ்மட்டின்மேல் இல்லை; பொதுக் கருத்துக்கேட்புக்குப் பிறகு அதை முடிவு செய்வது அந்த ஏழு இயக்குநர்கள்தான், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் தேர்தலைச் சந்திக்கிறார்கள்.